விழாத பனிக்கு ஒரு வசூல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஊரணி வசூல் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பனி செய்வதற்கே ஊரார் சேர்ந்து பணம் திரட்டுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், அந்தப் பக்கத்தின் மற்றக் கேள்விகள் அனைத்துக்கும் வந்தவற்றைவிட அதிகம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்து குடியிருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகையால் இந்த இதழை முழுவதும் அந்தப் பனிக்கே ஒதுக்கிவிட்டேன். சமையல், சொத்துப் பங்கீடு பற்றி எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகன் மினியாபொலிஸ் நகரில் இருக்கிறான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி பள்ளியின் ஸ்கீ அணியில் சேர்ந்திருக்கிறாள். "பனி செய்ய நிதி" என்று அவர்களுடைய சங்கத்திலிருந்து கடிதம் வந்ததாகவும், நூறு டாலர் கொடுத்ததாகவும் மகன் தொலைபேசியில் சொன்னான். பனி வானத்திலிருந்து விழுவதல்லவா? அதற்கு யாரிடம் பணம் கட்டுவது? பிள்ளை ஏமாந்துவிட்டானோ என்று கவலையாக இருக்கிறது.
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: ஆச்சி அவர்களுக்கு, பனி என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. நமக்குப் பனி என்றால், மார்கழி விடியலில் வாசலில் கோலம் போடப் போகிறவர்களைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளச் சொல்லும் அந்த ஈரம்தான். அது இரவில் இறங்கும், வெயில் ஏறினால் போய்விடும், அதை வைத்து யாரும் எதுவும் செய்வதில்லை. அங்கே விழுவது வெண்பனி. நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ விழத் தொடங்கி மார்ச் வரை தரையில் முழங்கால் அளவுக்குக் கிடக்கும் என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்பார்த்து வந்தது. அந்த எதிர்பார்ப்பு இப்போது அடிக்கடி பொய்த்துவிடுகிறது.

உங்கள் பேத்தி விளையாடுவது, மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் விளையாட்டு அல்ல. அதற்கு 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்' என்று பெயர். காட்டுப் பாதையிலும் பூங்காவின் மேடு பள்ளங்களிலும், குறுகலான நீண்ட பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஊன்றி, குதிகால் தூக்கித் தூக்கிச் சறுக்கியே ஏறியும் இறங்கியும் போவார்கள். நடைக்கும் ஓட்டத்துக்கும் சறுக்கலுக்கும் நடுவில் ஒரு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கபடி எப்படியோ, மினசோட்டாவில் பிள்ளைகளுக்கு அது அப்படி. 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டில் அமெரிக்காவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த இருவரில் ஒருவரான ஜெஸ்ஸி டிகின்ஸ், உங்கள் மகன் இருக்கும் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆஃப்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அதன் பிறகு அங்கே வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2023-24 குளிர்காலம் மினசோட்டாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது. அந்த ஆண்டு பிப்ரவரி 17, 18 தேதிகளில், மினியாபொலிசின் தியோடர் வர்த் பூங்காவில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. அமெரிக்க மண்ணில் இந்த விளையாட்டின் உலகக் கோப்பை நடந்தது 2001க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஊரெல்லாம் புல் தெரிந்துகொண்டிருந்தது. பந்தயப் பாதையில் மட்டும் கருவிகள் பீய்ச்சிய பனி வெள்ளை நாடாவாகக் கிடந்தது. பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன் வானமும் மனமிரங்கிக் கொஞ்சம் பொழிந்தது என்பது தனிக்கதை. அதே மாதத்தில், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் ஹேவர்ட் ஊரில் 1973 முதல் நடந்துவரும் 'அமெரிக்கன் பிர்க்கபைனர்' என்ற நெடும் பந்தயம், காட்டை நெடுகக் கடந்து போகும் பாதையைக் கைவிட்டு, செய்த பனி போட்ட 10 கிலோமீட்டர் வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி நடத்தப்பட்டது. செய்யும் பனி இல்லையென்றால் பேத்தியின் அணிக்கு அந்த ஆண்டு பயிற்சியே இருந்திருக்காது. ஆகவே மகன் ஏமாறவில்லை.

ஆனாலும் கேட்டது நல்லதே. அங்கே இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். அந்நாட்டு வருமானவரித் துறையின் இணையப் பக்கத்தில் சங்கத்தின் பெயரை இட்டுத் தேடினால், பதிவு இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கொடுத்த நூறு டாலருக்கு ரசீதும் வந்திருக்க வேண்டும். மகனிடம் அதை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நான் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பனி செய்வது என்றால், நம் ஊர் ஐஸ் கம்பெனியில் தண்ணீரை உறைய வைத்துத் துருவுவது போலத்தானா? ஒரு பாதைக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்? கணக்கோடு எழுத வேண்டுகிறேன்.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கணக்கு கேட்பவரைக் கண்டால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சிதான். ஐஸ் கம்பெனி முறை அல்ல அது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், விமானம் போன்றவற்றைச் செய்து பழகிய மூன்று பொறியாளர்கள், பனி விழாமல் தங்கள் ஸ்கீ பட்டை விற்பனை படுத்துவிட்டதே என்ற கவலையில், வண்ணம் அடிக்கும் தெளிப்பானின் முனையையும் காற்றழுத்தியையும் தோட்டக் குழாயையும் இணைத்துக் குளிரில் தண்ணீரைத் தெளித்துப் பார்த்ததிலிருந்து வந்த வழி இது. தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக்கிக் குளிர்ந்த காற்றில் பறக்க விட்டால், கீழே விழுவதற்குள் அது உறைந்துவிட வேண்டும். அவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் சுத்தமான நீர்த்துளிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வித்து ஒன்று கிடைக்காவிட்டால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே நெடுந்தூரம் போன பின்பும் அது நீராகவே இருக்கும். பாலுக்கு உறை மோர் போலத் துளிக்கும் ஓர் உறை வேண்டும். அழுத்திய காற்று முனையிலிருந்து வெளியே பாய்ந்து விரியும்போது சட்டென்று குளிர்ந்துவிடும் அல்லவா? அந்தக் குளிரில் முதலில் சில நுண்ணிய பனித்துகள்கள் பிறக்கும். மற்றத் துளிகள் அவற்றின்மேல் ஒட்டி உறையும். சில இடங்களில் 'சூடோமோனாஸ் சிரிஞ்சே' என்ற நுண்ணுயிரியிலிருந்து எடுத்த புரதத்தையும் இந்த உறைக்காகத் தண்ணீரில் கலப்பதுண்டு.

அடுத்தது, தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை. மண்பானைத் தண்ணீர் வறண்ட காற்றில் நன்றாகக் குளிர்கிறது, மழைக்கால ஈரக்காற்றில் குளிர மறுக்கிறது. அதே கதைதான் இங்கும். காற்று 0 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் மைனஸ் 4 அளவுக்கு இறங்கிவிடும், பனி செய்யலாம். அதே 0 டிகிரியில் மூடுபனி சூழ்ந்திருந்தால் செய்ய முடியாது. பொதுவாக ஈரக்குமிழ் மைனஸ் 2க்குக் கீழே போனால்தான் கருவியை இயக்குவார்கள். இன்னும் இறங்க இறங்க விளைச்சல் கூடும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இப்படிப்பட்ட இரவுகள் விட்டுவிட்டுத்தான் வரும். வந்த இரவில் எல்லாக் கருவிகளையும் ஓட்டியாக வேண்டும். கையில் பணம் இல்லை, மாதக் கடைசியில் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாது. வசூலுக்கும் இந்த இரவுகளுக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் சொல்கிறேன்.

இனித் தண்ணீர்க் கணக்கு. ஒரு கிலோமீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் 2,500 கன மீட்டர் பனி வேண்டும். புதிதாக விழுந்த இயற்கைப் பனி பஞ்சு போன்றது; கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். செய்யும் பனியோ உருண்டை மணிகளாக நெருங்கிக் கிடப்பதால் 400 முதல் 500 கிலோ வரை எடை வரும். 450 என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 11,25,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அடித்தால் 94 நடை. ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்கு 56 லட்சத்துச் சொச்சம் லிட்டர் ஆகிறது. ஐம்பதுக்கு ஐம்பது மீட்டர் சதுரமும், இரண்டேகால் மீட்டர் ஆழமும், செங்குத்தான கரையும் உள்ள ஓர் ஊரணி நிறையத் தண்ணீர் அது. காற்றில் பறந்து வீணாவதை நான் சேர்க்கவில்லை.

என் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு டிசம்பரில், இரவு பத்து மணிக்கு இந்த வேலையை நேரில் பார்த்தேன். கருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அதைப் பார்த்துக்கொண்டவர் சற்றுத் தள்ளிப் போய், விழுகிற பனிக்கு அடியில் தன் சட்டைக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். துகள்கள் துணியில் பட்டுத் துள்ளி விழுந்தால் பதம் சரி. ஒட்டிக்கொண்டு ஈரம் காட்டினால் தண்ணீரைக் குறைக்க வேண்டுமாம். அதிரசத்துக்குப் பாகு வைக்கும் ஆச்சிமார் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்களே, அந்த முகம்தான் அவருக்கும் இருந்தது. குவிந்த பனியை உடனே பரப்புவதில்லை. ஈரம் வடியட்டும் என்று குவியலாகவே விட்டுவைக்கிறார்கள். அந்தக் குவியல்களுக்குத் 'திமிங்கிலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; இருட்டில் பார்த்தபோது பெயர் பொருத்தமாகத்தான் பட்டது.

கேள்வி: அவ்வளவு பணக்கார நாட்டில் இதை அரசாங்கம் செய்யாதா? ஊர்க்காரர்கள் ஏன் உண்டியல் ஏந்த வேண்டும்? எப்படித்தான் வசூலிக்கிறார்கள்?
– ஒரு கல்லூரி ஆசிரியை, பள்ளத்தூர்

பதில்: செய்வதும் உண்டு. மினியாபொலிசைச் சுற்றியுள்ள எல்ம் கிரீக், ஹைலண்ட் லேக் போன்ற பெரிய பூங்காக்களில் பொதுப் பணத்தில் இயங்கும் பூங்கா நிர்வாகமே பனி செய்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் அப்படி இல்லை. மலைச் சறுக்கு விடுதிக்காரருக்குக் கவலை கிடையாது; மேலே தூக்கிச் செல்லும் இழுவைக்குக் கட்டணம் வாங்கியே கருவியும் வாங்குவார், மின்கட்டணமும் கட்டுவார். கிராஸ் கன்ட்ரி பாதையில் அப்படி வாயில் வைத்து வசூலிக்கும் இடம் குறைவு. பாதை நகராட்சிப் பூங்காவுடையது, பாதையைச் சீர்செய்பவர்கள் சங்கத்துத் தொண்டர்கள், வருபவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வு பெற்றவர்களும். கட்டணம் என்று ஒன்று இருந்தாலும் சிறிதாகத்தான் இருக்கும். ஆகவே முதலீடு என்று வரும்போது கையேந்தாமல் முடியாது.

வசூல் முறையைப் பார்த்தால் நம்மவர்களுக்குப் புதிதாக எதுவுமில்லை என்பேன். நகரத்தார் கோயில்களில் மூன்று வகை வரவு இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று செல்வர், எளியவர் என்ற வேறுபாடு பாராமல் சமமாகப் போடுவது புள்ளி வரி. சொத்துக்குத் தக்கபடி போடுவது ஆஸ்தி வரி. வணிகத்தில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் சிறு அளவு அறத்துக்கென்று எடுத்து வைப்பது மகமை. ஸ்கீ சங்கத்தார் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றையும் செய்கிறார்கள். சங்கத்தின் ஆண்டுச் சந்தா புள்ளி வரி. பெரிய கையிருப்பு உள்ள சில குடும்பங்களிடம் தனியாகப் போய்ப் பேசிப் பெறுவது ஆஸ்தி வரி. நாள் கட்டணத்திலும் பந்தய நுழைவுக் கட்டணத்திலும் பனி நிதிக்கென்று சிறு தொகை சேர்ப்பதும், பழைய ஸ்கீ பட்டைகளை வாங்கி விற்கும் சந்தையில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வதும் மகமை. இவற்றோடு, ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு நிகராக நிறுவனமும் அதே தொகையைக் கொடுக்கும் வழக்கம் அங்கே பல நிறுவனங்களில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அத்தகைய நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு விண்ணப்பிக்க மறந்துவிடுகிறார்கள் என்பது என் தனிப்பட்ட குறை.

எங்கே தடுக்கிறது என்றால், வாங்குவதற்குக் கிடைக்கும் பணம் ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை. பனி பீய்ச்சும் கருவி ஒன்றின் பக்கவாட்டில் பெயர் எழுதுகிறோம் என்றால் நாலு பேர் முன்வருவார்கள். உண்மையில் செலவின் பெரும்பகுதி, நிலத்துக்கு அடியில் உறையாதபடி பதிக்கும் குழாயிலும், இறைப்பு நிலையத்திலும், மின்கம்பியிலும் போய்விடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் யார் பெயரை எழுதுவது? அதையாவது, ஒரு மீட்டர் பாதைக்கு இவ்வளவு என்று விலை போட்டு, கொடுத்தவரிடம் "இன்ன மரத்திலிருந்து இன்ன மரம் வரை உங்களுடையது" என்று காட்டிச் சமாளித்துவிடலாம். அதன் பிறகு ஆண்டுதோறும் வரும் மின்கட்டணமும், இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் கூலியும், அடைத்துக்கொண்ட முனைகளின் மராமத்தும் இருக்கின்றனவே, அவற்றுக்குத் திறப்பு விழா கிடையாது, படம் எடுக்க முடியாது, பெயர்ப் பலகையும் இல்லை. குளிர் இரவு கணக்குப் பார்க்காமல் வந்து நிற்கும் என்று தேவகோட்டை அன்பருக்குச் சொன்னேன் அல்லவா? அன்றைக்கு வங்கிக் கணக்கில் ஓட்டுச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். ஆஸ்தி வரியைக் கொண்டு கட்டு, மகமையைக் கொண்டு ஓட்டு என்பதே என் கருத்து. மகமையை ஏற்பாடு செய்யாமல் கருவி வாங்கும் சங்கம், மூன்றாவது குளிர்காலத்தில் மறுபடியும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரணியைத் தூர்வார இளைஞர்கள் சேர்ந்து முயல்கிறோம். பனி வசூல்காரர்களிடமிருந்து நாங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்? வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் வாங்குவதில் சிக்கல் உண்டா?
– இளைஞர் குழு ஒன்று, கண்டனூர் அருகே

பதில்: எதைச் செய்யக் கூடாது என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த ஊரில் ஊரணிக் குழு ஒன்றில் நான் கணக்குப் பிள்ளையாக இருந்தேன். வசூல் அமோகம். தூர்வாரினோம், நான்கு கரையிலும் படித்துறை கட்டினோம், கொடுத்தவர் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டினோம். என் பெயரும் கடைசி வரியில் இருக்கிறது. மழையும் நன்றாகப் பெய்தது. ஊரணியில் முழங்கால் தண்ணீர்கூடச் சேரவில்லை. ஏன் என்று பார்க்கப் போனால், மேட்டு நிலத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், கருவேல முள்ளும் கட்டட இடிபாடும் அடைத்து இருந்த இடம் தெரியாமல் கிடந்தது. அதை வெட்டிவிட எட்டு ஆள், நான்கு நாள் கூலி போதும். அந்தக் கூலிக்கு எங்கள் கணக்கில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. "இப்போதுதானே கொடுத்தோம்" என்று ஊரிலும் யாரும் தரவில்லை. மறு ஆண்டு ஆடியில் அந்தப் படித்துறையில் பையன்கள் மட்டைப் பந்து ஆடினார்கள். நம் முன்னோர் வீட்டு முற்றத்து மழைநீரும் தெரு நீரும் கால்வாய் வழியே ஊரணிக்குப் போகும்படி ஊரையே திட்டமிட்டுக் கட்டியவர்கள். கால்வாயை விட்டுவிட்டுக் கரையைப் பிடித்தது எங்கள் புத்தி.

ஆகவே நீங்கள் மதிப்பீடு போடும்போதே, வரத்துக்கால் பராமரிப்புக்கு ஐந்து ஆண்டுச் செலவைத் தனியாக எழுதி, அது நிறைந்த பிறகே படித்துறையில் கை வையுங்கள். ஊரணி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அந்த ஊராட்சியின் தீர்மானமும், மண் எடுக்க உரிய அனுமதியும் முதல் வேலை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மிச்சத்தை அரசு போடும், அதையும் விசாரியுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி நன்றாகக் கவனியுங்கள். அங்கே வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், கையில் வெளிநாட்டு இந்தியர்க்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற அதற்கான பதிவு வேண்டும். பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். ஒரு சிறு ஊரணிக் குழுவுக்கு இது ஆகிற காரியமல்ல. ஆகையால் ஒவ்வொருவரிடமும் பணம் வாங்கும் முன் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டுவிடுங்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டால் பிறகு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

கேள்வி: பூமி சூடாவதால் பனி விழவில்லை. பனி செய்ய மின்சாரம் எரிக்கிறார்கள். அதனால் பூமி இன்னும் சூடாகும். இதற்கு வசூல் வேறா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கடிந்து எழுதியிருக்கிறீர்கள், பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறத்தாழ முழுவதும் செய்த பனியில் நடந்தது என்பதைப் பார்த்தபோது எனக்கும் இதே எண்ணம்தான். தண்ணீரைப் பொறுத்தவரை பழி குறைவு. வசந்தத்தில் உருகி அதே மண்ணுக்கும் ஓடைக்கும் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. ஆனால் ஏரி வற்றியிருக்கும் பருவத்தில் மொத்தமாக இறைத்தால் மீன்களுக்குக் கேடு. மின்சாரத்துக்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். உள்ளூர்ப் பூங்காவில் ஒரு கிலோமீட்டருக்குப் பனி இல்லாவிட்டால், ஐம்பது பிள்ளைகளின் பெற்றோர் ஐம்பது காரில் பனி இருக்கும் இடத்துக்குப் பல மணி நேரம் ஓட்டிப் போவார்கள். அந்தப் புகை இந்த மின்சாரத்தைவிடக் கூடுதலா குறைவா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இன்னொரு வழியும் உண்டு, அது எனக்குப் பிடித்தது. நல்ல குளிர் இருக்கும் நாட்களில் செய்த பனியைக் குன்றாகக் குவித்து, மேலே மரத்தூளையோ மரச்சில்லுகளையோ கனமாகப் போர்த்திக் கோடை முழுவதும் காத்து, அடுத்த பருவத் தொடக்கத்தில் எடுத்துப் பரப்புகிறார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ், ஸ்வீடனின் ஆஸ்டர்சுண்ட் ஆகிய இடங்களில் இது வழக்கமாகவே நடக்கிறது. டாவோசில் 40 சென்டிமீட்டர் மரத்தூளுக்கு அடியில் கோடை கழிந்த பின்னும் குன்றின் நான்கில் மூன்று பங்கு மிஞ்சியிருந்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் கிராஃப்ட்ஸ்பெரியிலும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மரத்தூளின் இந்தக் கெட்டிக்காரத்தனம் நமக்கு அறிமுகமானதுதான். சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக இன்று நிற்கும் கட்டடம், 1842இல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர், அங்கே குளத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பூமத்திய ரேகையை இருமுறை தாண்டிக் கப்பலில் கொண்டுவந்து அந்தக் கட்டடத்தில் வைத்து விற்றார். மாதக்கணக்கில் பயணம் செய்தும் பெரும்பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது.

கேள்வி: செய்த பனியும் விழுந்த பனியும் ஒன்றுபோல இருக்குமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், கோட்டையூர்

பதில்: இருக்காது தம்பி. விழுந்த பனி ஆறு கை விரித்த பூ. செய்த பனி ரவை. அதனால் சீக்கிரம் உருகாது, கெட்டியாக நிற்கும். அதன்மேல் நீ விழுந்தால் முழங்கால் நன்றாக வலிக்கும்.

கேள்வி: முதல் கேள்வியை எழுதிய அதே ஆச்சிதான். பதிலைத் தபாலில் முன்கூட்டியே அனுப்பிவைத்ததற்கு நன்றி. ரசீது வந்திருக்கிறதாம். இப்போது பேத்தி, "அப்பத்தா, பனி நிதிக்காக நான் ஒரு சனிக்கிழமை ஸ்கீ ஓட்டப் போகிறேன், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவாய்?" என்று கேட்கிறாள். எவ்வளவு சொல்லலாம்? இங்கிருந்து அனுப்ப முடியுமா?
– காரைக்குடி

பதில்: அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இங்கே குடியிருக்கும் ஒருவர் அன்பளிப்பு, நன்கொடை உட்பட ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இடமுண்டு. வங்கியில் படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். அந்த நன்கொடைக்கு இங்கே 80ஜி வருமானவரிச் சலுகை கிடைக்காது. இவ்வளவு சிறு தொகைக்கு வங்கிக் கட்டணமே பாதியைத் தின்றுவிடும் என்பதால், மகனைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தொகையைச் சொல்வதற்கு முன், அந்தப் பாதை ஒரு சுற்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறாள் என்று கேட்டுவிடுங்கள். பயிற்சி உள்ள பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் முப்பது கிலோமீட்டர் சறுக்குவது பெரிய காரியமில்லை. கிலோமீட்டருக்கு ஒரு டாலர், மொத்தம் இருபத்தைந்துக்கு மேல் போகாது என்று ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தத் தாளிலேயே, பாதித் தொகை மின்கட்டணக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.